நாணயமும் சிலம்பும்: ஆர். கே. சண்முகம் செட்டியார்

தமிழில் நாணயம் என்னும் சொல் இருபொருள் உடையது. கைமாறிச் செல்லும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் பண்பும் நாணயம். காசை வாங்குகிறவன் அதிலுள்ள உலோகத்தை மட்டும் வாங்குவதில்லை, அதை வெளியிட்டவனின் வாக்கையும் சேர்த்தே வாங்குகிறான் என்னும் உண்மை இச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. இவ்விரு பொருளோடும் வாழ்நாள் முழுதும் தொடர்பு கொண்டிருந்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார். உலக நாடுகள் கூடிப் பணத்துக்கு விதி வகுத்த மன்றத்தில் அமர்ந்தவர் அவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவரும் அவரே. பொருளாதார வரலாறு எழுதுவோர் முன்னதை ஓரிரு வரிகளில் சொல்லி நகர்வர். இலக்கிய வரலாறு எழுதுவோர் பின்னதை அடிக்குறிப்பில் சேர்ப்பர். அவர் கோவைக்காரர். ஆயினும் அவர் பங்குகொண்ட பேச்சுகளின் விளைவுகள் வைகைக் கரை நிலங்களிலும் மதுரைத் தறிகளிலும் எவ்வாறு வந்து விழுந்தன என்பதைச் சேர்த்து நோக்கினால்தான் அந்த வாழ்வின் முழு உருவம் புலப்படும்.

பிறப்பும் அரசியல் நுழைவும்

சண்முகம் செட்டியார் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோயம்புத்தூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றியதும் அதே ஆண்டில்தான். ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை மதுரையில் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஏட்டிலிருந்த காப்பியம் அச்சுக்கு வந்ததும், கரிசல் காட்டுப் பருத்தி இயந்திரத்துக்குள் புகுந்து உலகச் சந்தையோடு பிணைந்ததும் அவர் பிறந்த ஆண்டோடு பொருந்தியிருப்பது தற்செயலே. ஆனால் பின்னாளில் அவர் கைக்கொண்ட இரு துறைகளும் அந்த ஆண்டிலேயே அவருக்காகக் காத்திருந்தன போலும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற அவர், கோவை நகராட்சியின் துணைத் தலைவராகப் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாணச் சட்டசபைக்குச் சென்றார். பின்னர் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து மத்திய சட்டசபை உறுப்பினரானார். அக்கட்சியின் கொறடாவாகவும் பணியாற்றினார். காலப்போக்கில் மீண்டும் நீதிக்கட்சியின் பக்கம் வந்தார். கட்சி மாறியவர் என்ற குறை அவர்மீது சொல்லப்பட்டதுண்டு. ஆனால் எந்தக் கட்சியில் இருந்தபோதும் வரி, சுங்கம், நாணயம் ஆகிய கணக்கு வழக்குகளில் அவருக்கிருந்த தேர்ச்சியை எதிர்த்தரப்பினரும் மறுத்ததில்லை. 1933இல் அவர் மத்திய சட்டசபையின் தலைவர் பதவியை ஏற்றார்.

பதினெட்டுப் பென்ஸ்

அவர் சட்டசபையில் இருந்த காலத்தில் இந்தியாவின் பெரும் வழக்காக விளங்கியது ரூபாயின் மாற்று வீதம். ஹில்டன் யங் குழு 1926இல் அளித்த பரிந்துரையை ஏற்று, 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸுக்குச் சமமாக்கியது. 1 ஷில்லிங் 4 பென்ஸே தகும் என்று புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் குழுவிலேயே மாற்றுக் கருத்து எழுதினார். இரண்டு பென்ஸில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். திருமங்கலத்துப் பருத்தி வெளிநாட்டில் ஒரு பவுனுக்கு விலைபோனதாகக் கொள்வோம். 16 பென்ஸ் கணக்கில் அதற்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைக்கும். பருத்தி அதே பருத்தி. வியர்வையும் அதே வியர்வை. ஆனால் லண்டனில் எழுதப்பட்ட ஓர் எண்ணால் உழவனின் மடியிலிருந்து ஒன்றே முக்கால் ரூபாய்க்கு அருகில் ஒரு தொகை குறைந்துபோயிற்று. இந்திய அரசு லண்டனுக்குப் பவுனில் செலுத்த வேண்டிய கடன், ஓய்வூதியம் முதலான செலவினங்களுக்கு உயர்ந்த வீதம் வசதியாக இருந்தது. அந்த வசதிக்கான விலையை விளைவித்தவன் கொடுத்தான்.

1929இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. சென்னை மாகாணத்தில் நெல், பருத்தி, நிலக்கடலை ஆகியவற்றின் விலைகள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயின. இத்தகைய நேரத்தில் பணப் புழக்கத்தைப் பெருக்கி, வட்டியைக் குறைத்து, விலைகளைத் தாங்கிப் பிடிக்க எந்த அரசும் முயலும். ஆனால் 18 பென்ஸைக் காப்பாற்ற வேண்டியிருந்த இந்திய அரசு அதற்கு நேர்மாறாகப் பணப் புழக்கத்தைச் சுருக்கியது. பெரியாறு அணை நீர் பாயும் மேலூர் வயல்களில் விளைச்சல் குறையவில்லை; விலைதான் குறைந்தது. கிஸ்தியோ ரூபாயில் வகுக்கப்பட்டிருந்தது. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தீர்வையை இப்போது இரண்டு மூட்டை விற்றுக் கட்ட வேண்டியதாயிற்று. கடனின் வட்டியும் அவ்வாறே இரட்டிப்புச் சுமையானது. பர்மாவில் நெல் நிலங்களின்மேல் கடன் கொடுத்திருந்த நகரத்தார், பணம் திரும்பாமல் நிலத்தையே ஏற்க நேர்ந்தது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு என்ற அளவில் அவர்களிடம் இருந்த நிலம் 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. செல்வம் வளர்ந்ததன் அடையாளமன்று அது. வராக்கடன் மண்ணாக மாறியதன் அடையாளம்.

1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க அளவையைக் கைவிட்டது. பவுனின் மதிப்பு வீழ்ந்தது. ரூபாய் தன்வழி செல்லலாம் என்று இந்தியத் தலைவர்கள் எதிர்பார்த்திருக்க, லண்டன் அரசு அதைப் பவுனோடு அதே 18 பென்ஸில் மீண்டும் கட்டிப்போட்டது. தங்கத்தின் ரூபாய் விலை உயர்ந்தது. கடனிலும் தீர்வையிலும் சிக்கியிருந்த குடியானவர்கள் பெட்டியிலிருந்த நகைகளை வெளியே எடுத்தார்கள். சிற்றூர்ப் பொற்கொல்லரிடமிருந்து மதுரை நகைக்கடைத் தெருவுக்கும், அங்கிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து கப்பலேறி லண்டனுக்கும் அந்தத் தங்கம் சென்றது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் நாட்டைவிட்டுப் போன தங்கத்தின் மதிப்பு 300 கோடி ரூபாய் அளவை எட்டியது. கையிலிருந்த கடைசிப் பொன்னை அயலூரில் விற்கப்போனவன் கதையை நன்கறிந்த ஊர் மதுரை. அந்தக் கதை இம்முறை ஊர்தோறும் நடந்தது.

அட்டாவா

1932இல் கனடாவின் தலைநகர் அட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. பேரரசுக்குட்பட்ட நாடுகள் ஒன்றுக்கொன்று சுங்கச் சலுகை கொடுத்துக்கொள்வதும், விலைவாசியை மீண்டும் உயர்த்துவதற்கான வழிகளை ஆராய்வதும் அதன் நோக்கம். அதுல் சட்டர்ஜி தலைமையிலான இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றார். அங்கே கையெழுத்தான உடன்பாட்டைச் சட்டசபையில் ஆதரித்து வாதாடியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். உலகெங்கும் நாடுகள் சுங்கச் சுவர்களை உயர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெரிய சந்தையின் கதவாவது திறந்திருக்கட்டும் என்பது அவர் தரப்பு. பேரரசுக்குள் கிடைக்கும் சலுகை, பேரரசுக்கு வெளியே இந்தியப் பருத்தியை வாங்கும் நாடுகளைப் பகைக்கச் செய்யும் என்பது எதிர்த்தரப்பு. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் நாணய வீதத்தை நிர்ணயிக்கும் உரிமை இல்லாத நாடு சுங்க வீதத்தைப் பேசித் தீர்ப்பதில் சமத்துவம் எவ்வளவு இருக்க முடியும் என்ற கேள்விக்கு அட்டாவாவில் விடையில்லை.

அந்த ஆதரவுக்கு அவர் விலை கொடுத்தார். 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். சட்டசபையின் தலைவராக வீற்றிருந்தவர் உறுப்பினராகவும் இல்லாமல் வெளியேறினார். அட்டாவா உடன்பாட்டுக்கு எதிராக 1936இல் சட்டசபையே தீர்மானம் நிறைவேற்றியது.

கொச்சியும் போரும்

தோல்விக்குப் பின் அவரைக் கொச்சி சமஸ்தானம் அழைத்தது. 1935 முதல் 1941 வரை திவானாக இருந்து, துறைமுக வளர்ச்சியிலும் நிர்வாகச் சீர்திருத்தத்திலும் ஈடுபட்டார். எர்ணாகுளத்தின் கடலோரச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1938இல் சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக ஜெனீவா சென்றார். போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வேண்டிய பொருள்களைக் கொள்முதல் செய்யும் குழுவின் தலைவராக அமெரிக்காவில் இருந்தார். உலகின் பணவலிமை லண்டனிலிருந்து வாஷிங்டனுக்கு இடம்பெயர்வதை அவர் அங்கே அருகிலிருந்து காணும் வாய்ப்புப் பெற்றார்.

அதே காலத்தில் இந்தியாவில் நடந்தது பணவரலாற்றில் தனி அத்தியாயம். பிரிட்டன் தன் போர்த் தேவைக்கு இந்தியாவில் துணி, தோல், தானியம், இரும்பு என எல்லாவற்றையும் வாங்கியது. அதற்குரிய விலையை லண்டனில் பவுன் பத்திரங்களாக ரிசர்வ் வங்கியின் கணக்கில் எழுதி வைத்தது. 1935இல் தோன்றிய ரிசர்வ் வங்கி, அந்தப் பத்திரங்களை ஈடாகக் காட்டி இந்தியாவில் ரூபாய் நோட்டுகளை அச்சிட்டு விற்றவர்களுக்குக் கொடுத்தது. 1939இல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்த 1945இல் 1,100 கோடியைத் தாண்டியது. பொருள்கள் கப்பலேறிப் போயின; நோட்டுகள் ஊரில் தங்கின. இவ்வளவு விலையேற்றத்துக்கிடையிலும் 1935 நவம்பரில் மூன்று சதவீதமாக நிர்ணயிக்கப்பட்ட வங்கி வட்டி வீதம் 1951 நவம்பர் வரை அசையவேயில்லை. உள்நாட்டுப் பணத்தை ஆளும் கருவி என்று பெயர்பெற்ற ஒன்று, உள்நாட்டில் என்ன நடந்தாலும் பதினாறு ஆண்டுகள் உறங்கிற்று.

மதுரை அதன் விளைவை இருமுனையிலும் கண்டது. ஆலைகள் இரவு பகலாக ஓடின. கையில் பணம் புரண்ட அந்தக் காலத்தில்தான், 1943இல், கருமுத்து தியாகராசச் செட்டியார் மதுரையில் பாங்க் ஆஃப் மதுராவை நிறுவினார். மறுபுறம், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையும் வரிசையும் நகர வாழ்க்கையின் பகுதியாயின. நூலுக்கும் சாயத்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டுச் சௌராஷ்டிர நெசவாளர்களின் தறிகள் தடுமாறின. லண்டனில் இந்தியாவின் பெயரில் சேமிப்பு ஏறியது. அது இங்கே உண்ணாமலும் உடுத்தாமலும் சேர்ந்த சேமிப்பு.

பிரெட்டன் வுட்ஸ்

1944ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 22 வரை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். போருக்குப் பிந்திய உலகின் பண ஒழுங்கை வகுப்பதே நோக்கம். ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், தியோடர் கிரிகரி ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் இருந்தார். நாடு இன்னும் அடிமை. ஆயினும் அதன் பெயர்ப்பலகை தனியே வைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து பிறந்தவையே சர்வதேச நிதியமும் உலக வங்கியும்.

அங்கே வகுக்கப்பட்ட விதியின் சாரத்தை எளிதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நாடும் தன் நாணயத்துக்குத் தங்கத்தில் அல்லது டாலரில் ஒரு மதிப்பை அறிவித்து அதைக் காக்க வேண்டும். அந்த மதிப்பைப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்ற விரும்பினால் நிதியத்தின் இசைவு வேண்டும். அடிப்படையான சமநிலைக் கேடு ஏற்பட்டாலொழிய மாற்றக் கூடாது. மாறாக, தற்காலிக நெருக்கடியில் நிதியம் கடன் கொடுத்துத் தாங்கும். மூலதனம் எல்லை தாண்டி ஓடுவதைத் தடுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு.

இந்தக் கடைசி விதிக்கு ஆழ்ந்த காரணம் இருந்தது. நிலையான மாற்று வீதம், தடையின்றி ஓடும் மூலதனம், தன் விருப்பப்படி வகுக்கும் வட்டி வீதம் ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது. மாற்று வீதத்தை நிலையாக வைத்து, மூலதனத்தையும் தடையின்றி விட்டால், உள்நாட்டு வட்டியை உலகம் நிர்ணயிக்கும். உள்நாட்டு வட்டியைத் தானே நிர்ணயிக்க வேண்டுமானால், மாற்று வீதத்தையாவது நெகிழவிட வேண்டும், மூலதனத்தையாவது கரைகட்ட வேண்டும். மூன்று கண்மாய்க்கு இரண்டு மடைத் தண்ணீரே உள்ள ஊரின் நிலை இது. எதை வறளவிடுவது என்பதே கேள்வி. பெருமந்தக் காலத்தில் தன் கேள்விக்கான விடையைத் தானே சொல்லும் உரிமை இந்தியாவுக்கு இருக்கவில்லை. பிரெட்டன் வுட்ஸில் அந்த விடை பலர் கூடிப் பேசும் விதியாயிற்று. அடிமை நாட்டுக்கு இது முன்னேற்றம்; ஆனால் முழு விடுதலையன்று.

இந்தியக் குழு இரண்டைக் கேட்டது. வளர்ச்சியடையாத நாடுகளின் வளங்களைப் பெருக்குவதும் நிதியத்தின் நோக்கங்களில் ஒன்றாக வேண்டும் என்பது ஒன்று. மேலைநாடுகளின் கண்கொண்டே உலகச் சிக்கல்களைக் காணும் பழக்கத்துக்கு எதிரான குரல் அது. உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளங்களையும் பெருக்குவது என்னும் பொதுவான தொடராக அது விதியில் இடம்பெற்றது. லண்டனில் தேங்கிக் கிடந்த பவுன் கையிருப்பில் ஒரு பகுதியையாவது நிதியத்தின் வழியே டாலராக மாற்றித் தர வேண்டும் என்பது மற்றொன்று. அது பிரிட்டனும் இந்தியாவும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பிரிட்டிஷ் குழுவின் தலைவர் கெயின்ஸ் கைவிரித்தார். இந்தியாவின் பங்கு 40 கோடி டாலராக நிர்ணயிக்கப்பட்டது. சீனத்தைவிடக் குறைவு என்ற மனக்குறை இருந்தது. சோவியத் நாடு நிதியத்தில் சேராததால், பெரிய ஐந்து பங்காளிகளில் ஒன்றாகி நிர்வாகக் குழுவில் நிலையான இடம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

இசையும் உரையும்

இத்தனைக்கும் இடையில் அவர் தமிழை விடவில்லை. 1943இல் அண்ணாமலை அரசர் முன்னின்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவியபோது, அதன் தலைவர் பொறுப்பைச் சண்முகம் செட்டியார் ஏற்றார். தமிழ் மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கடுமையான எதிர்ப்பு இருந்த காலம் அது. கணக்கும் நிதானமும் அறிந்த ஒருவரின் பெயர் அந்த இயக்கத்துக்கு வலுவூட்டியது.

1946இல் புகார்க் காண்டத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. புலவர்க்குப் புலவர் எழுதும் உரையாக அமையாமல், கற்றோர் எவரும் காப்பியத்தை அணுகித் துய்க்க உதவும் உரையாக அது அமைந்தது. பொருளியல் அறிஞர் ஒருவர் அந்தக் காண்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. கடல் வாணிகத்தால் செழித்த துறைமுக நகரும், பெருஞ்செல்வம் கரைவதும், எஞ்சிய சிலம்பை முதலாக்கி மீண்டும் பொருள் ஈட்டலாம் என்ற நம்பிக்கையோடு இளம் இணையர் ஊர்விட்டுப் புறப்படுவதும் அதில்தான் வருகின்றன. அவர்கள் புறப்பட்ட திசை மதுரை. பொற்கடைகளும் மணிக்கடைகளும் துணிக்கடைகளும் கூலக்கடைகளும் நிறைந்த மதுரை வீதிகளை இளங்கோ விவரிப்பது அடுத்த காண்டத்தில். அந்தச் செல்வம் அனைத்தும் ஒரு வாக்கின்மேல் நின்றது. அரசன் சொல் தவறாது என்னும் வாக்கு அது. வாக்குத் தவறியபோது நகர் எரிந்தது. சண்முகம் செட்டியார் உரையெழுதி வெளியிட்டது புகார்க் காண்டத்துக்கே. மதுரைக் காண்டத்தின் பாடத்தை அவர் வேறொரு களத்தில் கற்க வேண்டியிருந்தது.

நிதியமைச்சர்

1946 டிசம்பரில் நிதியம் ரூபாயின் மதிப்பை 30.225 அமெரிக்க சென்ட் என அறிவித்தது; ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 5 அணா. அதற்கு எட்டு மாதங்களுக்குப் பின் நாடு விடுதலை பெற்றது. ஜவாஹர்லால் நேருவின் முதல் அமைச்சரவையில் காங்கிரஸைச் சேராத சண்முகம் செட்டியார் நிதியமைச்சரானார். 1934இல் காங்கிரஸால் தோற்கடிக்கப்பட்டவரைக் காங்கிரஸ் ஆட்சியே அழைத்தது. கட்சிக் கணக்கைவிட நாட்டுக் கணக்கு பெரிதென்று இரு தரப்பும் கருதிய நேரம் அது.

1947 நவம்பர் 26ஆம் நாள் அவர் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். ஏழரை மாதங்களுக்கான அந்தத் திட்டத்தில் வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புச் செலவு மட்டும் 92.74 கோடி. பிரிவினையின் ரத்தமும் அகதிகளின் கண்ணீரும் அந்த எண்களுக்குப் பின்னே இருந்தன.

லண்டனில் தேங்கியிருந்த கையிருப்போ 1947 ஜூலையில் சுமார் 116 கோடி பவுன். நாடு அதன் முதலாளி. ஆனால் எடுத்துச் செலவழிக்கும் உரிமை இல்லை. காரணம் லண்டனிலும் முழுமையாக இல்லை. 1945 டிசம்பரில் பிரிட்டன் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்றபோது, பவுனை டாலராக மாற்ற எவரையும் தடுக்கக் கூடாது என்னும் நிபந்தனையை ஏற்றிருந்தது. அவ்வாறே 1947 ஜூலை 15இல் கதவு திறக்கப்பட்டது. ஐந்தே வாரங்களில் டாலர் வற்றி, ஆகஸ்ட் 20இல் கதவு மீண்டும் மூடப்பட்டது. செங்கோட்டையில் கொடியேறிய ஐந்தாம் நாள் அது. அரசியல் விடுதலை கிடைத்த வாரத்திலேயே நாட்டின் சேமிப்பு டாலராக மாறும் வழி அடைபட்டது.

இதன் உள்நாட்டு விளைவை உணர்ந்தால்தான் சண்முகம் செட்டியாரின் இக்கட்டு விளங்கும். போர்க்காலத்தில் அச்சான நோட்டுகள் மக்கள் கையில் இருந்தன. அவற்றுக்கு ஈடான பொருள்கள் சந்தைக்கு வந்தால் விலை தணியும். பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; அதற்கு லண்டன் கணக்கு திறக்க வேண்டும். ஆகவே மதுரைக் கடைத்தெருவில் அரிசியும் வேட்டியும் என்ன விலைக்கு விற்கும் என்பது, தில்லியிலிருந்த நிதியமைச்சர் கையில் பாதியும் லண்டன் பேச்சுவார்த்தை மேசையில் பாதியுமாகப் பிரிந்து கிடந்தது. 1947 இறுதியில் உணவுக் கட்டுப்பாடும், 1948 தொடக்கத்தில் துணிக் கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டபோது இது வெளிப்படையாயிற்று. போருக்கு முன் 100 எனக் கொண்ட மொத்த விலைக் குறியீடு 1947 நவம்பரில் சுமார் 300. 1948 ஜூலையில் அது 390ஐ நெருங்கியது. கட்டுப்பாடுகளை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1948 ஜூலையில் அவரே லண்டன் சென்று உடன்பாடு கண்டார். பிரிட்டன் இந்தியாவில் விட்டுச்சென்ற பாதுகாப்புத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுன். பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியக் கடப்பாடுகளுக்கு மத்திய, மாகாண அரசுகள் சார்பில் 16.8 கோடி பவுன். அடுத்த மூன்று ஆண்டுகளில் இந்தியா எடுத்துக்கொள்ள 8 கோடி பவுன். டாலராக மாற்றிக்கொள்ளும் அளவு தனியே வரையறுக்கப்பட்டது. மிகையாகக் கொடுத்துவிட்டார் என்று கண்டித்தோர் உண்டு. ஆனால் போர்க்காலக் கடனையே வெட்டிக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு பிரிட்டனில் வலுத்திருந்த வேளையில், முதலுக்கு மோசம் வராமல் அதைக் காத்தார் என்பதை மறுக்க இயலாது. டாலர் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்தியா நிதியத்திடமிருந்து 1948, 1949ஆம் ஆண்டுகளில் சுமார் 10 கோடி டாலர் பெற்றது. பிரெட்டன் வுட்ஸில் அவர் உடனிருந்து எழுப்பிய வீட்டின் கதவை நாடு தட்டியது.

பதவி விலகல்

லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் அவர் பதவி முடிந்தது. போர்க்காலத்தில் வரி ஏய்த்தோரைக் கண்டறிய அமைக்கப்பட்ட வருமான வரி விசாரணைக் குழுவுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதைப் பற்றிச் சட்டசபையில் கடும் கேள்வி எழுந்தது. துறையின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்பதே முறை என்ற நிலையில், 1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் விலகினார். ஜான் மத்தாய் அவரிடத்துக்கு வந்தார். அந்த நிகழ்ச்சியின் நியாயம் பற்றி இருவேறு கருத்துகள் அன்றும் இருந்தன. ஆனால் ஒன்று தெளிவு. பல கோடிப் பவுன்களை எண்ணிப் பேசியவரை வீழ்த்தியது மாற்று வீதமன்று. ஒரு பட்டியலில் இருந்து மறைந்த பெயர்கள். நாணயத்தின் முதற்பொருளில் தேர்ந்தவர், அதன் இரண்டாம் பொருளின் மன்றத்தில் நிறுத்தப்பட்டார். பதவியைப் பற்றிக்கொண்டு வாதாடாமல் விலகியதன் மூலம் அந்த மன்றத்தின் மேன்மையை அவர் ஏற்றார்.

பின்வந்த காலம்

அவர் ஆட்சிக்கு வெளியே இருந்தபோதே 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பை 30.5 சதவீதம் குறைத்தது. ஒரு நாள் இடைவெளியில் இந்தியாவும் அதே அளவு குறைத்தது. டாலர் 4 ரூபாய் 76 காசு என்ற அளவுக்கு உயர்ந்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்ததால், அங்கிருந்து வரும் பருத்தியும் சணலும் எட்டாத விலையாயின. இரு நாட்டு வாணிகம் தடைபட்டது. ஆலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு நேர்ந்தது. பிரிட்டனோடு பிணைந்த நாணயத்தின் விதி, விடுதலைக்குப் பின்னும் உடனே விடுபடவில்லை என்பதற்கு அது சான்று.

சண்முகம் செட்டியார் 1953ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தம் அறுபதாம் வயதில் காலமானார். அவருக்குப் பின் 1966 ஜூனில் டாலர் ஏழரை ரூபாயாயிற்று. 1971இல் அமெரிக்கா தங்கத்தின் கதவை மூடியபோது பிரெட்டன் வுட்ஸ் ஒழுங்கே குலைந்தது. 1975இல் ரூபாய் பவுனிடமிருந்து பிரிந்தது. 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி வற்றிய ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. 1931இல் குடியானவர் செய்ததை அறுபது ஆண்டுகள் கழித்து நாடே செய்ய நேர்ந்தது. 1993இல் ரூபாயின் வீதம் சந்தையிடம் விடப்பட்டது. ஆயினும் 2013 மே மாதத்தில் அமெரிக்க மைய வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்ன சொல்லளவிலேயே ரூபாய் சரிந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி உள்நாட்டுக் குறுகியகாலப் பணத்தை இறுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஆளுநரான ரகுராம் ராஜன், செல்வ நாடுகளின் மைய வங்கிகள் தம் முடிவுகள் பிறநாட்டு மக்கள்மேல் விழும் விளைவையும் எண்ண வேண்டும் என்று உலக மன்றங்களில் வலியுறுத்தினார். இந்தியக் குழு 1944இல் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

நாடுகள் கூடிப் பேசுவது கூடாது என்பதன்று இந்த வரலாறு தரும் பாடம். கூடிப் பேசாத 1930களில்தான் உலகம் மிகுதியும் துன்புற்றது. கூடும் இடத்தில் யார் பேசுகிறார்கள், யாருடைய வயலும் தறியும் அங்கே நினைக்கப்படுகின்றன என்பதே கேள்வி. அட்டாவாவிலும் பிரெட்டன் வுட்ஸிலும் லண்டனிலும் அந்த இருக்கையில் அமர்ந்த தமிழர், வெற்றியைவிடக் கட்டுப்பாடுகளையே மிகுதியாகச் சந்தித்தார். எனினும் அந்த இருக்கையில் வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. பிறநாட்டவரோடு கணக்குப் பேசிய அதே ஆண்டுகளில், வணிகம், பொன், வாக்கு, நீதி ஆகியவை ஒன்றோடொன்று பின்னிய தம் மொழியின் காப்பியத்தையும் வரிவரியாகப் படித்துப் பொருள் எழுதினார். பொருளியலாரும் கவிஞரும் ஒருவர் நூலை ஒருவர் திறப்பது அரிதாகிவிட்ட தமிழகத்தில், ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வு இருசாராரும் சேர்ந்து படிக்க வேண்டிய ஒன்றாகும்.